ஆசையை இனங்காணுதல்

ஐப்பசித் திங்கள் வளர்பிறைப் பிரதமை தொடக்கம் ஆறு நாட்களும் எமது ஆலயத்திலே கந்தபுராண படனம் நடைபெற்று வருவதை ஊரவர் யாவரும் அறிவர். வசந்த மண்டபத்தின் ஒரு பக்கத்திலே பாய் விரித்து, வெள்ளைத் துணி போர்த்த பீடத்தில் நூலை வைத்து, ஒருவர் செய்யுளை வாசிக்க மற்றவர் பயன் சொல்லுவார். முன்னைய காலத்தில் தூணோரமாக இடம் பிடிப்பதற்கு நேரத்தோடு வரவேண்டியிருந்தது. இப்பொழுது தூண்கள் வெறுமனே நிற்கின்றன. சூரன்போர் அன்று வீதி கொள்ளாத சனம். அதற்கு முந்திய நாட்களில் அந்தச் சூரன் யார், எதை விரும்பினான், எப்படிக் கெட்டான் என்று கேட்க வருகிறவர்கள் இருபது பேர்.

மலர்க்குழுவினர் என்னிடம் "ஆசை அறுத்தல்" என்ற பொருளில் ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டார்கள். அது ஆசையை அறுத்தவர்கள் எழுதவேண்டிய விடயம். ஓய்வூதியம் பெறும் தமிழாசிரியனாகிய அடியேன் அந்த இடத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை. ஆசை எங்கே ஒளித்திருக்கிறது என்று தேடிப் பார்த்ததில் கண்ட சிலவற்றை மாத்திரம் எழுதலாம் என்றேன். அவர்களும் சம்மதித்தார்கள்.

கச்சியப்ப சிவாசாரியார் அருளிய கந்தபுராணத்தின் இரண்டாவது காண்டம் அசுரகாண்டம். அதிலே காசிப முனிவரும் மாயையும் தம் பிள்ளைகளாகிய சூரபன்மன், சிங்கமுகன், தாரகன் ஆகியோருக்கு உபதேசம் செய்கின்ற பகுதிகள் வருகின்றன. போர்க்களத்துப் படலங்களைக் கேட்கின்ற ஆவலிலே பலரும் இவ்விடத்தைக் கவனியாது விட்டுவிடுவர். முதலில் தந்தை சொல்கிறார். உயிரின் இயல்பு, அறத்தின் பெருமை, சிவபெருமானை நோக்கித் தவம் செய்யவேண்டியதன் அவசியம் என்பவற்றை எடுத்துரைத்து, காலனை வென்ற மார்க்கண்டேயரின் வரலாற்றையும் சொல்லி முடிக்கிறார். பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பின்பு தாய் பேசுகிறாள். தந்தை சொன்னவை முனிவர்களுக்குப் பொருந்தும், உங்களுக்கு வேண்டியவை செல்வமும் அதிகாரமும் புகழும், அவற்றை அடையும் வழியைத் தேடுங்கள் என்பது அவள் உபதேசத்தின் சாரம். அதற்கு அவள் காட்டும் வழி என்ன தெரியுமா? சிவபெருமானை நோக்கி வேள்வி செய்யுங்கள் என்பதுதான்.

இந்த இடத்தைத்தான் நாம் நின்று பார்க்கவேண்டும். மாயை "சிவனை மற" என்று சொல்லவில்லை. சோம்பியிரு என்றும் சொல்லவில்லை. இருவரும் சொன்னது ஒரே கடவுளை. இருவரும் கேட்டது ஒரே கடுமையான உழைப்பை. சூரபன்மனும் தன் உடம்பின் தசையை அரிந்து ஓமகுண்டத்தில் இட்டு, ஈற்றிலே தானும் அதில் வீழ்ந்து பெரும் வேள்வி செய்தான். வேள்விச் சாலையின் வாசலிலே நின்று பார்ப்பவருக்கு இது முத்தியை வேண்டிய தவமா, 1008 அண்டங்களை வேண்டிய தவமா என்று தெரியவராது. புகை ஒரே நிறமாகத்தான் எழும். ஏன், வேள்வி செய்கின்றவனுக்கே அது தெரியாமலிருக்கவும் கூடும். 1008 அண்டங்களை 108 யுகங்களுக்கு ஆளும் வரம் கிடைத்தது. பிறகு நடந்தது யாவருக்கும் தெரிந்த கதை.

ஆசை ஏன் இவ்வாறு உருமாறித் திரிகிறது என்பதற்குச் சைவசித்தாந்தம் நுட்பமான விளக்கம் தருகிறது. தத்துவங்கள் 36 என்றும், அவற்றுள் வித்தியா தத்துவங்கள் ஏழு என்றும் சாத்திரம் வகுக்கிறது. காலம், நியதி, கலை, வித்தை, அராகம், புருடன், மாயை என்பன அவை. இவற்றுள் கலை ஆன்மாவின் செயலாற்றலையும், வித்தை அறிவையும், அராகம் இச்சையையும் எழுப்புகின்றன. அராகம் என்பதே ஆசைக்குரிய தத்துவம். இதனைப் பகை என்று சாத்திரம் தள்ளிவிடவில்லை. ஆணவ இருளில் அறிவும் செயலும் இச்சையும் இன்றிக் கிடந்த நிலை கேவலம் எனப்படும். அந்த நிலையிலிருந்து உயிர் எழுந்து ஒன்றை அறியவும், நாடவும், செய்யவும் வேண்டுமாயின் இக்கருவிகள் தேவை. மாயையின் காரியங்களாகிய இவற்றை விடியும்வரைக்கும் ஏற்றி வைத்த விளக்குக்கு ஒப்பிடுவர். விளக்கை ஊதி அணைத்துவிட்டு இருளில் குந்தியிருப்பது வைராக்கியம் ஆகாது. பசித்த பிள்ளைக்குச் சோறு வேண்டும் என்பதும், ஒழுகாத கூரை வேண்டும் என்பதும், மகள் நல்ல இடத்தில் வாழவேண்டும் என்பதும் ஆசைகள்தான். அவை இல்லாத இல்லறம் உலகத்தில் இல்லை. ஆசையே கூடாது என்று மேடையில் முழங்குகிறவர்களைக் கேட்கும்போது, காலைத் தேத்தண்ணி பத்து நிமிடம் பிந்தினால் இவர் என்ன செய்வார் என்று எனக்கு ஓர் எண்ணம் வருவதுண்டு. அது கிடக்க.

இச்சை எழுந்தபின் நாம் ஒரு முடிவுக்கு எப்படி வருகிறோம்? அந்தக்கரணங்கள் நான்கு. மனம் ஒன்றைப் பற்றும், அகங்காரம் "நான்" என்று எழும், புத்தி நிச்சயிக்கும், சித்தம் சிந்திக்கும். நூலிலே படிக்கும்போது புத்தி நீதிபதியைப் போலத் தீர்ப்புச் சொல்வதாகத் தோன்றும். வாழ்க்கையிலே என் அனுபவம் வேறு. மனம் பற்றியவுடன் அகங்காரம் முந்திக்கொண்டு எழுந்து விலையைப் பேசி முடித்துவிடுகிறது. புத்திக்குக் கிடைப்பது நொத்தாரிசின் வேலை. காணி விற்பவரும் வாங்குபவரும் வெளியே பேசி முடித்துவிட்டு வந்து அமர்ந்தபின், நொத்தாரிசு உறுதியை நல்ல தமிழில், எல்லைகளெல்லாம் பிசகாமல் எழுதித் தருவார் அல்லவா? அதேபோல, ஏற்கெனவே முடிவான ஆசைக்குப் புத்தி அழகான காரணங்களை எழுதித் தருகிறது. கடமை, பிள்ளைகளின் எதிர்காலம், ஊர் மானம், குலதெய்வத்தின் நேர்த்தி என்று எத்தனையோ பெயர்களில் அந்த உறுதி எழுதப்படுகிறது. ஆசை என்ற சொல் மட்டும் அதில் ஓரிடத்திலும் வராது.

என் வீட்டில் எழுதப்பட்ட ஓர் உறுதியைச் சொல்லுகிறேன். 1998ஆம் ஆண்டில் என் மகள் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றினாள். பெறுபேறு நன்றாக வந்தது. அவள் கலைப்பிரிவில் தமிழும் புவியியலும் படிக்க விரும்பினாள். நான் உயிரியல் பிரிவிலே சேர்த்துவிட்டேன். என் தொழிலோ தமிழ் படிப்பித்தல். வகுப்பறையில் தமிழின் பெருமையைப் பிறர் பிள்ளைகளுக்கு மணிக்கணக்கில் சொல்லிவிட்டு வந்து, வீட்டில் "தமிழ் படிச்சு என்ன செய்யப் போறாய்?" என்று கேட்டவன் நான். அவள் வாதாடவில்லை. இருமுறை உயர்தரப் பரீட்சை எழுதினாள். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து விளக்குக்கு முன்னாலிருந்து படிப்பாள். இரண்டு முறையும் மருத்துவ பீடத்துக்கு வேண்டிய புள்ளி வரவில்லை. மூன்றாம் முறையும் எழுதச் சொன்னேன். அப்பொழுதுதான் தாய் குறுக்கே வந்து "போதும்" என்றாள். மகள் பின்னர் வெளிவாரியாகக் கலைமாணிப் பட்டம் பெற்று, புவியியல் ஆசிரியையானாள். தான் முதலிலேயே கேட்ட இடத்துக்குப் பல ஆண்டு பிந்திப் போய்ச் சேர்ந்தாள்.

அந்த நாட்களில் யாராவது என்னைக் கேட்டிருந்தால், பிள்ளையின் எதிர்காலத்துக்காகவே அவ்வாறு செய்தேன் என்று சத்தியம் செய்திருப்பேன். பொய்ச் சத்தியமாகவும் இருந்திராது. நான் அதை நம்பினேன். பல ஆண்டுகளின் பின் ஒரு கந்தசஷ்டியின்போது தூணிலே சாய்ந்திருந்து மாயையின் உபதேசத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவேளை, காரணமில்லாமல் ஒரு குரல் நினைவுக்கு வந்தது. எங்கள் அயலவர் ஒருவரின் மகன் மருத்துவ பீடத்துக்குத் தெரிவாகியிருந்தான். அதன் பின் திருவிழாவில் காளாஞ்சி கொடுக்கும்போது, "டொக்டரின்ரை ஐயா, முன்னுக்கு வாங்கோ" என்று அவரைக் கூப்பிடுவார்கள். அவர் சால்வையைச் சரிசெய்துகொண்டு முன்னே போவார். நான் இரண்டு வரிசை பின்னுக்கு நிற்பேன். எனக்கு வேண்டியிருந்தது அந்தக் குரல். அதற்காக ஒரு பெண்பிள்ளையின் அதிகாலைகளைச் செலவழித்திருக்கிறேன். நூலை மூடித் தீபாராதனை காட்டி எல்லோரும் எழுந்த பின்னரும் என்னால் உடனே எழும்ப முடியவில்லை.

ஆசை தன்னை மறைத்துக்கொள்ளுகின்ற பெயர்களுள் வலியது மானம் என்றே எண்ணுகிறேன். புராணமும் அதையே காட்டுகிறது. யுத்தகாண்டத்தில், சேனைகளை இழந்து தனித்து நின்ற சூரபன்மனுக்கு முருகப்பெருமான் தமது பேருருவைக் காட்டியருளுகிறார். பாலன் என்று இகழ்ந்தவனுக்கு அந்தக் கணத்திலே உண்மை விளங்குகிறது. வியக்கிறான், போற்றுகிறான். வலம்வந்து வணங்கவேண்டும் என்றுகூட நினைக்கிறான். மானம் என்ற ஒன்று குறுக்கே நின்று தடுத்துவிடுகிறது. பெருமான் பேருருவை ஒடுக்கியவுடன் அறிவும் ஒடுங்கிப் பழைய கோபம் திரும்பிவிடுகிறது. சூரனை ஆணவத்துக்கும், சிங்கமுகனைக் கன்மத்துக்கும், தாரகனை மாயைக்கும் உருவகமாகக் கொள்வது நம் மரபு. ஆணவம் தெரிந்துகொண்ட பின்பும் விடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. காளாஞ்சி விடயம் எனக்கு விளங்கிய அன்றிரவு, இனி எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

ஊரிலும் இதன் சாயலைக் காணலாம். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் இரண்டு மாடி வீடு எழும்புகிறது. உள்ளே இரண்டு முதியவர்கள், மேல்மாடிக்கு ஏற முழங்கால் இடங்கொடுப்பதில்லை. ஒரு திருவிழாக்காரர் இரண்டு கூட்டம் மேளம் பிடித்தால் அடுத்தநாள் உபயகாரர் நான்கு கூட்டம் பிடிக்கிறார். அதற்கு அவர் வைக்கும் பெயர் பக்தி. நாதஸ்வரமும் தவிலும் நல்ல கலைகள்; கலைஞர்களுக்கு நாலு காசு கிடைப்பதும் நல்லதே. ஆனாலும் அந்த நான்கு கூட்டத்தில் எத்தனை கூட்டம் முருகனுக்காக வந்தது என்று முருகனுக்குத் தெரியும். மலர்க்குழுவினர் இவ்வரிகளை நீக்கமாட்டார்கள் என நம்புகிறேன். அவர்களிலும் உபயகாரர் உண்டு.

அப்படியாயின் இனங்காணுவது எப்படி? எனக்கு உதவிய கேள்வி ஒன்று உண்டு. ஒரு பெரிய காரியத்தை நினைக்கும்போது, "இது கைகூடினால் இச்செய்தியை முதன்முதல் யாருக்குச் சொல்ல விரும்புவேன்?" என்று என்னையே கேட்பேன். யோசித்துப் பதில் சொல்லக்கூடாது. கேட்டவுடன் மனதில் வருகின்ற முகத்தைப் பார்க்கவேண்டும். காணி வாங்க நினைப்பவருக்கு அந்தக் காணியிலே குடியிருக்கப்போகும் மனைவியின் முகம் வந்தால் ஒருவகை. பதினைந்து வருடமாகக் கதைபேச்சில்லாத தமையனின் முகம் வந்தால், அவர் வாங்கப்போவது காணியை அல்ல. யாருக்கும் ஒருபோதும் தெரியவராது என்றாலும் இதைச் செய்வேனா என்று அடுத்துக் கேட்டுப் பார்க்கலாம். இக்கேள்விக்குச் சில ஆசைகள் உடனே சுருங்கிப்போகும். சில அப்படியே நிற்கும். நிற்கின்றவை பெரும்பாலும் உண்மையான தேவைகள்.

கண்டுகொண்ட ஆசையை என்ன செய்வது என்பதற்குப் பெரியபுராணத்தில் ஒரே தலத்தில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளை நினைத்துக்கொள்ளலாம். சோழநாட்டிலே திருப்புகலூர் என்னும் தலம். அங்கே திருநாவுக்கரசு சுவாமிகள் உழவாரப் பணி செய்துகொண்டிருந்தபோது, அவருடைய நன்னிலையைப் பிறருக்குக் காட்டும்பொருட்டு, பொன்னும் நவமணியும் பரல்களோடு கலந்து கிடக்கும்படி இறைவன் செய்தார். சுவாமிகள் கல்லையும் பொன்னையும் வேறுபடுத்தாமல் எல்லாவற்றையும் உழவாரத்தால் ஏந்தி வாவியிலே எறிந்தார். அதே திருப்புகலூருக்கு வேறொரு காலத்தில் சுந்தரமூர்த்தி சுவாமிகள் வருகிறார். அவருக்குப் பொன் வேண்டும். திருவாரூரில் பங்குனி உத்தரம் வருகிறது. பரவையார் கொடுக்கவேண்டிய செலவுகள் உண்டு. திருப்பணிக்கென்று கிடந்த செங்கற்களைத் தலைக்கு அணையாக வைத்துத் துயின்று எழுந்தபோது அவை பொன்னாயிருந்தன. ஒருவர் எறிந்தார், ஒருவர் பெற்றார். இருவரும் நாயன்மார், இருவரையும் நாம் நால்வருள் வைத்து வணங்குகிறோம்.

அப்பர் சுவாமிகளின் நிலை நமக்கு எட்டாதது. சுந்தரர் வழியிலே ஓரடியாவது வைக்கலாம். அவர் தமக்கு வேண்டியதை அதன் சொந்தப் பெயராலேயே இறைவனிடம் கேட்டார். பொன் வேண்டுமென்றால் பொன்; நெல்லை எடுத்துச் செல்ல ஆள் வேண்டுமென்றால் ஆள். அவருக்கு இடர் வந்தது எவ்விடத்தில் என்று பாருங்கள். திருவொற்றியூரிலே சங்கிலியாரை விரும்பியதற்காக வரவில்லை. பிரியேன் என்று சந்நிதியிலே சபதம் செய்யவேண்டி வந்தபோது, தேவரீர் அவ்வேளை சந்நிதியை விட்டு மகிழின்கீழ் எழுந்தருளவேண்டும் என்று இறைவனிடமே ஏற்பாடு செய்யப் பார்த்தார். இறைவன் அதனைச் சங்கிலியாருக்கு அறிவித்துவிட, மகிழின்கீழேயே சபதம் செய்ய நேர்ந்தது. பின்பு அதை மீறித் திருவொற்றியூர் எல்லையைக் கடந்தபோது இரு கண்களும் மறைந்தன. ஆசையோடு ஓர் ஒளிப்பு மறைப்பும் சேர்ந்த இடத்திலே கண் போயிற்று என்று நான் விளங்கிக்கொள்கிறேன். வேறு விதமாகப் பொருள் சொல்வோரும் இருக்கலாம்.

ஆகவே சந்நிதியில் நிற்கும்போது "எல்லாரையும் காப்பாற்று" என்று பொதுவாக முணுமுணுப்பதோடு நின்றுவிடாமல், மனதுக்குள் உண்மைப் பெயரைச் சொல்லிப் பார்க்கலாம். "முருகா, என் மைத்துனன் வாங்கியதைவிடப் பெரிய வாகனம் எனக்கு வேண்டும்" என்று திரைச்சீலைக்கு முன்னால் நின்று சொல்லிப் பாருங்கள். சொல்லி முடிக்கமுன் சிரிப்பு வரும், அல்லது வெட்கம் வரும். இரண்டும் நல்லவையே.

விரதமும் இதற்கான பயிற்சியே. கந்தசஷ்டியில் இளநீரோ பாலும் பழமுமோ எடுத்துக்கொண்டு ஆறு நாளும் இருப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். முதல்நாள் காலை ஆறு மணிக்குத் தேத்தண்ணிக்கான ஆசை வந்து கழுத்தைப் பிடிக்கும். அதற்கு ஒன்றும் கொடாமல் விட்டால் அரை மணித்தியாலம் நின்றுவிட்டுப் போய்விடும். மறுபடி பதினொரு மணிக்கு வரும், போகும். நான்காம் நாளளவில் அது வருகின்ற வழி நமக்குத் தெரிந்துவிடும். ஆசை வந்தவுடன் கீழ்ப்படியவேண்டியதில்லை, அது காத்திருக்கக் கூடியது என்பதை உடம்பே கற்றுக்கொள்கிறது. இந்தப் பாடத்தைப் பாரணையோடு விட்டுவிடாமல் மற்றக் காரியங்களுக்கும் கொண்டுபோகலாம். கல்யாணப் பேச்சோ, காணியோ, வெளிநாட்டுப் பயணமோ, பார்த்த அன்றைக்கே அச்சவாரம் கொடாமல் ஒரு கிழமை பொறுத்திருந்தால் அகங்காரம் இளைத்துவிடும். அப்பொழுது புத்தி உறுதி எழுதுகின்ற வேலையை விட்டுத் தன் சொந்த வேலையைச் செய்யத் தொடங்கும். பொறுத்ததால் நல்ல காணி கைநழுவிப் போனதும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

சென்ற ஆண்டு என் மகளின் மகனுக்குச் சாதாரண தரப் பெறுபேறு வந்தது. பெறுபேறு வரும் நாளுக்கு முதல்நாளே மகள் என்னிடம் வந்து, "அவனிட்டை நான் கேக்கிறன் அப்பா. நீங்கள் ஒண்டும் சொல்லாமல் இருங்கோ" என்று சொல்லிவிட்டாள். குரலிலே கோபமில்லை. அவன் தொழில்நுட்பப் பிரிவு என்றான். 2013ஆம் ஆண்டில் உயர்தரத்தில் தொடங்கப்பட்ட பிரிவு அது. என் காலத்தில் இல்லை. உயிரியலுக்கும் போதிய பெறுபேறு அவனிடம் இருந்தது. தாய் காரணம் கேட்டாள், அவன் சொன்னான், அவள் தலையசைத்தாள். நான் கதிரையில் இருந்தபடி பத்திரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் இரண்டு முறை உன்னியது.

அன்று மாலைப் பூசைக்கு வந்து கொடிமரத்தடியில் விழுந்து கும்பிட்டுவிட்டு, வெளி வீதியில் இருந்தேன். அவன் உயிரியல் என்று சொல்லியிருந்தால் யாருக்கு முதலில் சொல்லியிருப்பாய் என்று என்னையே கேட்டேன். உடனே ஒரு முகம் வந்தது. சால்வையைச் சரிசெய்துகொண்டு முன்வரிசைக்குப் போகின்ற அதே அயலவரின் முகம். அவர் காலமாகி ஐந்து வருடம் ஆகிறது. அந்தியேட்டிக்கு நானும் போயிருந்தேன்.